வைட் ரிம் சாலையைக் குளிர்காலத்தில் மவுண்டன் பைக்கில் தனியாகச் சுற்றி வர முடியுமா? அந்தக் குளிரைத் தாங்க முடியுமா?

முடியும். ஜனவரி மாதக் கடைசியில், தனியாக, ஒரே நாளில் சுற்றி வந்திருக்கிறேன். குளிர் தாங்கக்கூடியதுதான், சொல்லப்போனால் அந்தச் சாலையில் குளிர் நமக்குத் துணை. பயப்பட வேண்டியது பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை, வெயில் ஏறி மண் இளகும் நேரத்துக்கு. அந்த ஐந்து மணி நேரம் எங்கே இருக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதையெல்லாம் திட்டமிடுங்கள்.

இடம் தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1964இல் உருவான கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இருக்கிறது இந்தச் சாலை. கிழக்கே கொலராடோ ஆறு, மேற்கே கிரீன் ஆறு, நடுவில் 'ஐலண்ட் இன் தி ஸ்கை' என்ற தட்டையான மேட்டுநிலம். மேட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே வெள்ளை மணற்பாறையால் ஆன ஒரு திண்ணை ஓடுகிறது. அதன் மேலேயே, மேட்டுநிலத்தின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது வைட் ரிம். மொத்தச் சுற்று சுமார் 160 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்ணும் பாறையும். 1950களில் யுரேனியம் தேடுவதற்காக அமெரிக்க அணுசக்தி ஆணையம் வெட்டிய தடம் இது. இந்தப் பகுதிச் சுரங்கங்களில் யுரேனியம் பெரிதாகக் கிடைக்கவில்லை. சாலை மட்டும் மிஞ்சியது. சைக்கிளில் போகிறவர்கள் வழக்கமாக மூன்று, நான்கு நாள் எடுத்துக்கொள்வார்கள், கூடவே தண்ணீரும் கூடாரமும் சுமக்கும் ஜீப் வரும்.

தனியாக, ஒரே நாளில் என்றால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதுதான் முதல் கேள்வி. பலர் கிழக்கே ஷேஃபர் சரிவில் இறங்கி, மேற்கே மினரல் பாட்டம் வழியாக ஏறி முடிப்பார்கள். குளிர்காலத்தில் நான் அதைத் திருப்பிப் போட்டேன். காரணம் மண். மேற்குப் பக்கம், கிரீன் ஆற்றங்கரையில், வண்டலும் களியும் மணலும் கலந்து கிடக்கும். அதற்குப் போய்ச் சேரும் மினரல் பாட்டம் சாலையும் மண் சாலைதான், 21 கிலோமீட்டர். உறைந்திருந்தால் தார்ச்சாலைக்குச் சமம். உருகினால் பிசைந்த கேழ்வரகு மாவு போல டயரில் அப்பி, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் இடையில் அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். அப்படி நின்ற பிறகும் பெடலை அழுத்தினால் பின்பக்க கியர் மாற்றி முறிந்து போகும். கிழக்குப் பக்கத்தில் பாறை அதிகம். தண்ணீர் வடிந்துவிடும், மதியத்திலும் ஓட்டலாம். ஆகவே மேற்கை இருட்டிலும் அதிகாலையிலும், கிழக்கைப் பிற்பகலிலும் கடப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த மாதத்தில் ஏழரை மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும், மாலை ஐந்தரை தாண்டியதும் மறைந்துவிடும். ஆக, இருட்டில் ஓட்டாமல் இந்தச் சுற்று முடியாது. நெடுஞ்சாலை 313இல் மினரல் பாட்டம் சாலை பிரியும் இடத்தில் காரை விட்டுவிட்டு நெற்றி விளக்கோடு கிளம்பினேன். வெப்பநிலை மைனஸ் ஒன்பது. மேட்டின் விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளுக்கு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. 2010 ஆகஸ்டில் ஒரே மழையில் அடித்துச் செல்லப்பட்டு மறுபடி கட்டப்பட்ட வளைவுகள் இவை. இறங்கும்போதுதான் உண்மையான குளிர். பெடல் மிதிக்கும் வேலையில்லை, காற்று நேராக நெஞ்சில் வந்து அறையும், பிரேக் பிடித்த விரல்கள் மரத்துவிடும். அதற்காகவே இறக்கத்துக்கு முன்னால் நின்று, கனத்த ஜாக்கெட்டும் விரல் பிரியாத பெரிய கையுறையும் மாட்டிக்கொண்டேன். கீழே போனதும் கழற்றிவிட வேண்டும். வியர்த்து நனைந்தால் அடுத்த இறக்கத்தில் அந்த ஈரமே நம்மை வாட்டும்.

ஆற்றில் பனிக்கட்டித் துண்டுகள் மிதந்து வந்து ஒன்றோடொன்று உரசும் சத்தம் சாலை வரை கேட்டது. ஆற்றங்கரையில், கோடையில் சக்கரம் புதைந்து தள்ளிக்கொண்டு போக வேண்டிய மணல், இறுகிக் கெட்டியாகக் கிடந்தது. நடுகியரில் அப்படியே உருட்டிக்கொண்டு போனேன். குளிர்காலத்தில் இங்கே வருவதற்கு இது ஒன்றே போதும் என்பேன். அடுத்து ஹார்ட்ஸ்க்ராபிள் ஏற்றம். செங்குத்தான துண்டுகளில் இறங்கித் தள்ளினேன். மதியத்தை ஒட்டி மர்ஃபி ஹாக்பேக் என்ற செங்குத்து மேடு. அதிலும் கடைசிப் பகுதி தள்ளல்தான். இன்னும் பாதிச் சுற்று பாக்கியிருக்கும்போது தொடைத் தசையை அங்கே எரித்துவிடக் கூடாது.

மர்ஃபி உச்சியில் சுக்குக் காபி குடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் இந்தச் சாலையில் ஜீப்புகள் வரிசை கட்டும். அன்று வேறு டயர்த்தடமே இல்லை. நிழல் பக்கமெல்லாம் வெள்ளையாகப் பனி. வெயில் பக்கம் செங்கல் நிறம். திண்ணையின் விளிம்பில் மட்டும் அந்த வெளிர் பாறை. ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோர மணல்மேடுகளாக இருந்தது அது. சாய்ந்த அடுக்குகளில் காற்று மணலைக் குவித்த திசையைக்கூடப் பார்க்கலாம். திண்ணைக்குக் கீழே இன்னும் முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஆறு. கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் வளைந்த கொம்புக் காட்டாடுகள் சாலையைக் கடந்தன. என்னைப் பார்த்து ஓடவில்லை, நின்று பார்த்துவிட்டுத்தான் பாறை மேல் ஏறின. யூட்டாவில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்படாமல், பூர்வீகமாகவே மிஞ்சிய மிகச் சில கூட்டங்களில் இது ஒன்று. குளிர்காலத்தில் அவை தின்னக் கிடைப்பதே கொஞ்சம். ஆகவே அவை போகும் வரை நாம்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சாலையை விட்டு ஒரு அடிகூட வெளியே ஓட்டாதீர்கள், சேற்றுக்குட்டையைச் சுற்றிப் போவதற்காகக்கூட. ஓரத்தில் கருப்பாக, சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிவது உயிருள்ள படலம். நுண்ணுயிரிகளும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு டயர்த்தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வழியில் குடிநீர் கிடையாது. ஐந்து லிட்டர் சுமந்தேன். முதுகுப்பை நீர்க்குழாயில் ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் ஊதி, தண்ணீரைப் பைக்குள்ளேயே திருப்பித் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் உறைந்துவிடும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும் என்பதால் மூடி தப்பிக்கும். சாப்பாட்டில் எனர்ஜி பாரும் கடலை மிட்டாயும் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகிவிடும், அவற்றை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் போடுங்கள். கைப்பேசியும் விளக்கின் மாற்று பேட்டரியும் அதே இடத்தில். டயரில் காற்றை அறைக்குள் அளந்தால் ஏமாற்றும், வெளியே குளிரில் வைத்து அளந்து அடியுங்கள்.

தனியாகப் போவது பற்றி. கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் போகக் கூடாது. எந்தத் திசை, எத்தனை மணிக்கு எங்கே, எத்தனை மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதையெல்லாம் எழுதி மனைவியிடம் கொடுத்திருந்தேன். 2003இல் ஏரன் ரால்ஸ்டன் என்ற மலையேற்றக்காரர் பாறையில் கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்தது கிரீன் ஆற்றுக்கு மேற்கே, இதே வட்டாரத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில். அன்றைக்கு அவரும் மவுண்டன் பைக்கில்தான் வந்திருந்தார். எங்கே போகிறார் என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. வண்டி உடைந்துவிட்டால் மர்ஃபி, கூஸ்பெரி, லாத்ராப் என்ற நடைபாதைகள் வழியாக மேட்டுக்கு ஏறிவிடலாம். அங்கே சைக்கிளுக்கு அனுமதியில்லை, அதை விட்டுவிட்டு நடக்க வேண்டும்; கூஸ்பெரியில் பனிக்கட்டி இருக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். இந்த மூன்றும் எங்கே பிரிகின்றன என்று வரைபடம் பார்க்காமலே சொல்லத் தெரியும் வரை தனியாகக் கிளம்பாதீர்கள்.

கிழக்குப் பக்கம் நினைத்தபடியே இருந்தது. மஸல்மன் ஆர்ச் என்ற பாறை வளைவைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கடைசியில் ஷேஃபர், சுமார் 450 மீட்டர் ஏற்றம். ஷேஃபர் குடும்பத்தார் மாடு ஓட்டிய பாதையை யுரேனிய லாரிகளுக்காக அகலப்படுத்தியது. நிழல் விழுந்த வளைவுகளில் பனிக்கட்டி மினுங்கியதால் அங்கெல்லாம் இறங்கி, உள்பக்கச் சுவரை ஒட்டித் தள்ளினேன். அதே கட்டியில் காலை இருட்டில் பிரேக் பிடித்து இறங்கும்படி இருந்திருந்தால் என்று நினைக்கும்போது, திசையைத் திருப்பியதற்கு இரண்டாவது நியாயமும் கிடைத்தது. மேலே வந்து காருக்குத் தார்ச்சாலையில் மிச்ச தூரம் முழு இருட்டு. அது வெறும் பொறுமைதான்.

இனி, நாள் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். பனியோ மழையோ பெய்து குறைந்தது ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும். இரவு மைனஸ் ஏழுக்குக் கீழே போய், பகல் மூன்று, நான்கு டிகிரியைத் தாண்டாத நாள் உத்தமம். ஒரு நாள் பயணத்துக்கும் அனுமதிச்சீட்டு உண்டு, இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலை பூங்காவின் சாலை நிலவரத்தைப் பாருங்கள். மினரல் பாட்டம் சாலை ஈரமாக இருப்பதாகத் தெரிந்தால் அனுமதிச்சீட்டுக் காசை மறந்துவிடுங்கள். மோவாப் ஊரை ஒட்டி வெயில் படும் பாறைத் தடங்கள் நிறைய இருக்கின்றன, அன்றைக்கு அங்கே ஓட்டுங்கள்.