இரண்டாவது மாதம்

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் தற்கொலைகள் அதிகம் என்கிறார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்முனைகளைப் பார்த்ததுதானே காரணம்? இதற்குப் போய் ஏன் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அங்கே ராணுவத்தில் தற்கொலை விகிதம் வெளியுலகத்தைவிடக் குறைவு. 2004-க்குப் பிறகு ஏறத் தொடங்கி, 2008-ல் அதே வயது, பாலினத்தைச் சேர்ந்த பொதுமக்களின் விகிதத்தையே தாண்டிவிட்டது. பதறிப்போன ராணுவம், தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 2009-ல் 'ஆர்மி ஸ்டார்ஸ்' ஆய்வைத் தொடங்கியது. 16 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் பழைய பணிப்பதிவுகளைக் கிளறினார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சர்வே எடுத்தார்கள், 2015-லிருந்து அவர்களில் பலரைப் பணியை விட்டுப் போன பிறகும் விடாமல் தொடர்கிறார்கள்.

கிடைத்த பதில் நம் ஊகத்தோடு ஒத்துப்போகவில்லை. போர்முனைக்கே அனுப்பப்படாதவர்களிடமும் தற்கொலை விகிதம் ஏறியிருந்தது! அதோடு, தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்று சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது முதலில் வந்தது ராணுவத்தில் சேருவதற்கு முன்பே. அதற்காகப் போர் ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது. போர்முனைக்குப் போகாத சிப்பாய்களிடம் தற்கொலை முயற்சி அபாயம் உச்சத்தில் இருந்தது பணியில் சேர்ந்த இரண்டாவது மாதத்தில், அதாவது பயிற்சிக் காலத்தில். போர்முனையில் இருப்பவர்களுக்கு ஆறாவது மாதம். திரும்பி வந்தவர்களுக்கோ, வரவேற்பெல்லாம் ஓய்ந்துபோன ஐந்தாவது மாதம். ஒரே ஒரு முறை எல்லாரிடமும் கேள்வி கேட்டு முடித்திருந்தால் இது பிடிபட்டிருக்குமா, சொல்லுங்கள்.

கேள்வி: சரி, அப்படியானால் யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாமே?

பதில்: ஓரளவுக்கு. மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்து டிஸ்சார்ஜ் ஆன சிப்பாய்களின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் அலசி, ஆபத்து அதிகம் என்று தெரிந்த 5 சதவீதத்தினரைப் பிரித்துப் பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன ஒரு வருஷத்துக்குள் நடந்த தற்கொலைகளில் பாதிக்கு மேல் அந்தச் சிறு கூட்டத்தில்தான் நடந்திருந்தன. ஆனால் கவனியுங்கள், அந்த 5 சதவீதத்திலும் மிகப் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொள்ளவில்லை. அதனால் பட்டியலை வைத்து யார் நெற்றியிலும் முத்திரை குத்த முடியாது. டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்களில் முதலில் யாருக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை யாருக்குத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வி: சிப்பாய்கள் வாய் திறந்து உதவி கேட்பார்களா?

பதில்: நிறையப் பேர் கேட்பதில்லை. பதவி உயர்வு போய்விடுமோ, கூட இருப்பவன் கோழை என்பானோ என்ற பயம். பதிவேடுகளை நம்பி ஆய்வை நடத்த வேண்டியிருந்ததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் பணியில் இருப்பவரோ, ஓய்வுபெற்றவரோ, அவர்களுக்காகக் கவலைப்படும் குடும்பத்தாரோ, யாரானாலும் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் போதும். இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் இருப்பார்கள்.