கண்ணீரில் சர்க்கரை பார்க்கலாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டி பக்கம், வீட்டிலேயே கொலுசுக்குக் கண்ணி கோக்கும் வேலை செய்கிறேன். வயது 48. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சாயங்காலமானால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, அப்புறம் தண்ணீராகக் கொட்டுகிறது. கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில், துளிக் கண்ணீரை எடுத்துக் கருவியில் வைத்தால் சர்க்கரை, கண் வறட்சி இரண்டும் தெரிந்துவிடும், இனி விரலில் குத்தவே வேண்டாம் என்றார்கள். 2,800 ரூபாய் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கண்ணீரை ஆராயும் கருவிகள் பொய்யல்ல. கண்ணீரின் உப்படர்த்தியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்கு 50 நானோலிட்டர் போதும், அதாவது சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பேனா போன்ற ஒன்றின் நுனியை இமை ஓரத்தில் தொட்டதும் தானாக உறிஞ்சிக்கொள்ளும். எண் 308-க்கு மேலே போனாலோ, இரண்டு கண்ணுக்கும் எண் நன்றாக வேறுபட்டாலோ வறட்சி இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். கண்ணில் அழற்சி இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் காட்டும் அட்டையும் உண்டு. கர்ப்பம் பார்க்கும் அட்டையைப் போலவே அதிலும் கோடு விழும்.

ஆனால் சர்க்கரைக் கதை வேறு. கண்ணீரில் சர்க்கரை உண்டு, இரத்தத்தில் இருப்பதைவிட மிகமிகக் குறைவாக. கண்ணைத் தேய்த்தாலோ காகிதம் உரசினாலோ அந்த அளவு மாறிவிடும். கூகுளும் நோவார்டிஸும் 2014-ல் கை கோத்து, கண்ணீரில் சர்க்கரை அளக்கும் கான்டாக்ட் லென்ஸைச் செய்யப் பார்த்தார்கள். கண்ணீர் எண்ணும் இரத்த எண்ணும் நம்பும்படி ஒத்துப்போகவில்லை என்று 2018-ல் அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பணமும் ஆய்வுக்கூடமும் இருந்தவர்களால் முடியாததை ஒரு மண்டபத்தில் மடக்கு மேசை போட்டு முடிக்கிறார்களாம்! அந்த எண்ணை நம்பி நீங்கள் மாத்திரையைக் கூட்டினாலோ குறைத்தாலோ மயங்கி விழப்போவது நீங்கள்தான், அவர்கள் அல்ல.

இந்த ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பரிசோதித்தவர் பெயரும் பதிவு எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்காது. வாட்ஸப்பில் அனுப்புகிறோம் என்பார்கள். 'இன்றைக்கு மட்டும் இந்த விலை' என்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் ஒரு குறிப்பிட்ட கடையில்தான் சொட்டு மருந்து வாங்க வேண்டும் என்பார்கள். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால், முதல் இரண்டு நாள் கண் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்கள் பலர் 'பழைய சொட்டுதான் டாக்டர், கேட்கிறது' என்று புட்டியை நீட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கண்ணுக்குத் தேவையானது மலிவான சோதனை. 5 மில்லிமீட்டர் அகலக் காகிதப் பட்டையின் நுனியை மடித்து, கீழிமையின் வெளிப்பக்க ஓரத்தில் மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொல்வார்கள். பட்டை 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகச் சரி, 5-க்குக் கீழே என்றால் நல்ல வறட்சி. கூடவே மஞ்சள் சாயம் தொட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக் கண் பிரிவில் கேளுங்கள். கூட்டத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைக்க யாருக்கும் நேரமில்லை என்பதுதான் என் ஆற்றாமை. முகாம் என்றால் புரை அறுவை எண்ணிக்கையை மட்டும் கேட்கிறார்கள். வறண்ட கண்ணோடு வருகிறவரை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். நீங்கள் வாய் திறந்து, 'காகிதம் வைத்துப் பாருங்கள் டாக்டர்' என்று கேளுங்கள்.

ஒரே ஒரு சமயத்தில், முதலில் சொன்ன உப்படர்த்தி அளக்கும் விலை கூடிய கருவிக்குக் காசு கொடுக்கலாம்: புரை அறுவைக்கு முன். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவை அளக்கிறோம். அந்த அளவு கண்ணீர்ப் படலத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நம்பியது. படலம் திட்டுத்திட்டாக உலர்ந்திருந்தால் அளவு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. பவர் தப்பினால் அறுவைக்குப் பிறகும் கண்ணாடியைத் தேடுவீர்கள். ஆகவே அறுவை செய்யப்போகும் மருத்துவரே கண்ணீரைப் பார்க்கச் சொன்னால் பாருங்கள். வறட்சி தெரிந்தால் சில வாரம் மருந்து போட்டு, மறுபடி அளந்த பிறகே அறுவைக்குத் தேதி வாங்குங்கள். முகாமில் எடுத்த பழைய ரிப்போர்ட் இதற்கு உதவாது. சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் எந்தச் சொட்டும் விடாதீர்கள், அழாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள். உங்களுக்குப் புரை இருப்பதாக யாரும் சொல்லாதவரை இது உங்களுக்கு இல்லை.

தண்ணீர் கொட்டுகிறதே, எப்படி வறட்சி என்று கேட்பீர்கள். காய்ந்த கண் எரிச்சலில் சட்டென்று தண்ணீரை விடுகிறது, அது தங்காமல் வழிந்துவிடுகிறது. கண்ணி கோக்கும்போது இமைக்க மறந்துவிடுவீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, கண்ணை முழுதாக மூடித் திறங்கள். மின்விசிறி நேராக முகத்தில் அடிக்காதபடி உட்காருங்கள்.

சர்க்கரையை இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். ஆறு வருடச் சர்க்கரை என்கிறீர்கள், விழித்திரையைச் சொட்டு விட்டு விரித்துப் பார்த்தார்களா என்று எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் வறட்சிக்குப் போகும் அன்றைக்கே அதையும் கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், அந்தச் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும்.