ஆப்டை விட்டு பேக்மேனுக்கு மாறலாமா?

கேள்வி: அலுவலக மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்து வேலை செய்கிறேன். டெபியனில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கருவியை விட ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் ரொம்ப எளிமை, ஆர்ச்சுக்கு மாறிவிடு என்று நண்பர் நச்சரிக்கிறார். மாறலாமா?

பதில்: நண்பர் சொல்வது சரிதான், பேக்மேன் எளிமையான கருவி. ஆப்டும் டெபியன் பேக்கேஜ்களும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்கள்) சேர்ந்து செய்து முடிக்கும் பல வேலைகளை அது தொடுவதே இல்லை. மிச்ச வேலை உங்கள் தலையில் விழும்.

போஸ்ட்கிரெஸையே பாருங்கள். டெபியனில் அதை நிறுவியதும் ‘மெயின்’ என்ற பெயரில் ஒரு கிளஸ்டரை (டேட்டாபேஸ்கள் இருக்கும் இடம்) உருவாக்கி, சர்வரையும் ஓடவிட்டுவிடும். ஆர்ச்சில் கோப்புகள் வந்து உட்காரும், அவ்வளவுதான். டேட்டா கோப்புறையைத் தயார் செய்வது, சர்வீஸைத் தொடங்குவது எல்லாம் உங்கள் பாடு. ஆர்ச்காரர்கள் இதைக் குறையாக நினைப்பதில்லை. கேட்காமல் ஒரு சர்வர் ஓடத் தொடங்குவதுதான் அவர்களுக்கு எரிச்சல். அதிலும் நியாயம் இருக்கிறது.

உங்களுக்கு உண்மையான தலைவலி அப்டேட்டில் வரும். டெபியன் 12-ல் இருக்கும்வரை போஸ்ட்கிரெஸ் 15-தான். டெபியன் 13-க்குப் போனால் 17 வரும். அப்போதும் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், டேட்டாவை எப்போது மாற்றுவது என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஆர்ச்சில் ஒருநாள் வழக்கம்போல் அப்டேட் கொடுப்பீர்கள், போஸ்ட்கிரெஸின் அடுத்த பெரிய பதிப்பும் கூடவே இறங்கிவிடும். பழைய டேட்டாவை அது திறக்காது. நீங்களே அதைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தால்தான் சர்வர் எழும். திங்கட்கிழமை காலையில் இது நடந்தால்? சரி, ஒரு பேக்கேஜை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றால், அரைகுறை அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதில்லை. பேக்கேஜ்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள் முரண்பட்டு வேறு ஏதாவது உடையும்.

பேக்மேன் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. சொந்தமாக பேக்கேஜ் கட்டுபவர் என்றால் ஆர்ச்சில் ஒரே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும். டெபியனில் கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக் என்று தனி அடைவே வேண்டும். கம்பைல் செய்யும்போது, அதற்கான கோப்புகளைத் தனியாக வைத்திருக்கும் ‘டெவ்’ என்று முடியும் பேக்கேஜைத் தேடி அலைவதும் ஆர்ச்சில் பெரும்பாலும் இல்லை. ஆனால் பயனர்கள் ஏற்றும் ஏயூஆர் களஞ்சியத்திலிருந்து எதையும் அதன் ஸ்கிரிப்டைப் படிக்காமல் நிறுவாதீர்கள். 2025 ஜூலையில் பிரௌசர் பேக்கேஜ் என்ற போர்வையில் அங்கே மால்வேர் வந்தது.

என் யோசனை: அலுவலகக் கணினியில் டெபியனே இருக்கட்டும். ஆர்ச்சை ஒரு விர்ச்சுவல் மெஷினில் போட்டு, சில மாதம் தவறாமல் அப்டேட் செய்து பாருங்கள். புதிய போஸ்ட்கிரெஸ்தான் தேவை என்றால் அதற்காக டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாறவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் திட்டமே டெபியனுக்கென ஆப்ட் களஞ்சியம் நடத்துகிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் டேட்டாபேஸை ஒரு டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு டிஸ்கில் வைத்துவிடுங்கள்.