மூலிகை, யோகா, அரை ஏக்கர்: வாசகர் கேள்விகள்

கே: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 38. ஆனைகட்டிப் பக்கம் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மூலிகை வளர்த்து, யோகா சொல்லிக்கொடுத்து, வருகிறவர்களுக்கு மருந்தும் கொடுத்து அங்கேயே இருந்துவிட ஆசை. ஆறு மாதத்தில் தபால் வழியில் ‘சித்த வைத்தியர்’ பட்டயம் தருகிறார்களாம். சேரலாமா?
– வாசகர், கோவை

ப: பணத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பட்டயத்தைச் சுவரில் மாட்டலாம். அதை வைத்து நாடி பிடித்து மருந்து கொடுக்க முடியாது. சித்த மருத்துவராகப் பதிவு பெற பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் வேண்டும். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, உள்ளே நுழைய நீட். தகுதியும் பதிவும் இல்லாமல் பரம்பரை வைத்தியர் என்று சொல்லி மருத்துவம் பார்க்க முடியாது என்று கேரள வழக்கு ஒன்றில் 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மருந்து கொடுப்பதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் உங்கள் கைக்கு எட்டியவைதான். யோகாவுக்கு ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு நடத்துகிறது. முதல் நிலைக்கு 200 மணி நேரப் பயிற்சி, அடுத்ததற்கு 400. வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். வருமானம் முதலில் வரப்போவதும் இதில்தான்; மூலிகையை நம்பி உடனே வேலையை விடாதீர்கள்.

விளைந்ததை உலர்த்தி மொத்த வியாபாரிக்கு விற்கலாம். அதையே பொடித்து, பொட்டலம் போட்டு, ‘சர்க்கரையைக் குணமாக்கும்’ என்று அச்சடித்தால் விஷயம் வேறு. மருந்து தயாரிக்க 1940-ம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும்; உரிமமே இருந்தாலும் அப்படி விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டு ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. பக்கத்துக் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் வேர், பட்டை எடுப்பதும் குற்றம். இன்னொன்று: அந்தப் பக்கம் வாழையும் பலாவும் வைத்தால் யானையை நீங்களே விருந்துக்குக் கூப்பிட்டதாகிவிடும்.

கே: நிலவேம்பை நிழலில்தான் உலர்த்துகிறேன். இலை கறுத்துவிடுகிறது, மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கிறது. ஏன்?
– வாசகி, திண்டிவனம்

ப: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அறுத்த தழையைக் குவித்துப் போட்டால் உள்ளே சூடேறும், கறுப்பது அதனால். பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல் அறுங்கள். ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டி, காற்றோட்டமான கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பரப்புவதானால் இரண்டு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாள் இரண்டு தடவையாவது புரட்டிவிடுங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் தண்டு. இலை சீக்கிரம் காய்ந்துவிடும், தண்டு காயாது. இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினால் தண்டிலிருக்கும் ஈரம் மறுபடி இலைக்கு ஏறும். தண்டை வளைத்துப் பாருங்கள்: ‘சடக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காய வேண்டும். காய்ந்ததைச் சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

அறுப்புக்கும் பதம் உண்டு. நட்ட 90 முதல் 120 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். காய் முற்றும்வரை விட்டால் இலை கொட்டிப்போகும், வெறும் குச்சிதான் மிஞ்சும். கசப்பு அதிகம் இருப்பது இலையில். தரையிலிருந்து 10 செ.மீ. விட்டு அறுத்தால் மறுபடி தழையும்.

கே: கீழாநெல்லி என்று நினைத்து வேறு செடியைப் பறித்துவிடுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

ப: இலை வரிசையாக இருக்கும் சிறு கிளையைத் திருப்பி, அடிப்பக்கம் பாருங்கள். கீழாநெல்லியில் காய்கள் வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அதன் உறவுக்காரச் செடி. காய் இல்லாத இளஞ்செடியைப் பறிக்கவே வேண்டாம்.

கே: என் யோகா வகுப்புக்கு 60 வயது அம்மா ஒருவர் வருகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சிரசாசனம் கேட்கிறார், இருமலுக்குத் தினமும் அதிமதுரக் கஷாயமும் குடிக்கிறாராம்.
– யோகா ஆசிரியை, மதுரை

ப: சிரசாசனம் வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தால் இன்னும் ஆபத்து. அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது கூடுதல் சிக்கல். கஷாயத்தை நிறுத்திவிட்டு, மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் நாடிசுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி) செய்யட்டும், மூச்சை அடக்காமல். சவாசனத்திலிருந்து சட்டென்று எழவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஒருக்களித்துப் படுத்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழச் சொல்லுங்கள்.