கனடாச் சொட்டும் மகனின் தூக்கமும்

கேள்வி (முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்): வலிப்புக்கு வல்ப்ரோயேட் பாணியும் க்ளோபசாம் குளிசையும் எடுக்கும் என் 9 வயது மகனுக்கு, தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய கனபிடயோல் எண்ணெயை 2 கிழமையாகக் கொடுக்கிறேன். கஞ்சாவிலிருந்து எடுத்ததாம். பழக்கமாகிவிடுமா? வயிறு இளகிப் போகிறது. எந்நேரமும் தூக்கம். இனிப் பாணியை நிறுத்தலாமா?

பதில்: பழக்கமாகாது, அம்மா. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. அது மூளைக் கலங்களில் சிபி1 வாங்கிகள் என்ற இடங்களில் ஒட்டி வேலை செய்கிறது. கனபிடயோல் அங்கே அப்படி ஒட்டுவதில்லை. நரம்புக் கலத்துக்குள் கல்சியம் அளவுமீறி ஏறுவதைத் தணித்து வலிப்பைக் குறைக்கிறது என்றே கருதப்படுகிறது. வயிறு இளகுவதும் இந்த எண்ணெயால் வருவதுதான், பயமில்லை.

தூக்கத்துக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். க்ளோபசாம் ஈரலில் உடையும்போது வரும் பொருளுக்கும் தூக்க மருந்தின் குணம் உண்டு. அதை வெளியேற்றும் நொதியைக் கனபிடயோல் தடுக்கிறது. முழு அளவில் கொடுத்தால் அந்தப் பொருள் இரத்தத்தில் 3 மடங்குவரை ஏறும். குளிசையைக் கூட்டாமலே கூட்டியதுபோல. எழுப்பினால் கண் திறந்து உடனே சாய்கிறானா, நடக்கையில் தள்ளாடுகிறானா, வாய்நீர் வடிகிறதா என்று பாருங்கள். எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவானால், வலிப்பு 5 நிமிடம் தாண்டினால், பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

பாணியை நிறுத்தவே கூடாது. திடீரென விட்டால் விடாத வலிப்பு வரலாம். அதோடு வல்ப்ரோயேட்டும் கனபிடயோலும் சேர்ந்தால் இரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறலாம், அது ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளம். வாந்தி, கண் மஞ்சள், கடும் நிறச் சிறுநீர் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

யூடியூப்பில் புற்றுநோய், நீரிழிவு என்று எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். வலிப்பில் உறுதியான பலன் கண்டது ட்ராவே, லெனக்ஸ்-காஸ்டோ என்ற இரு கடும் வகைகளுக்கும் (அமெரிக்காவில் 2018இல் அனுமதி), டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் நோயின் வலிப்புக்கும் (2020) மட்டுமே. அதிலும் நிறை பார்த்துத்தான் கொடுப்பார்கள்: 20 கிலோ பிள்ளைக்குத் தொடக்கம் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஈரல் பரிசோதனையோடு. சொட்டு எண்ணிக் கொடுப்பதில் இந்தக் கணக்கு வராது. வெறும் வயிற்றில் கொடுப்பதற்கும் பால்சொதிச் சோற்றோடு கொடுப்பதற்குமே உடலில் ஏறும் அளவு 4, 5 மடங்கு மாறும். கடைப் போத்தல்கள் பலவற்றில் லேபிளில் உள்ள அளவு உள்ளே இருப்பதில்லை, சிலவற்றில் டிஎச்சியும் கலந்திருக்கும்.

இன்றிரவுச் சொட்டைக் கொடுக்காதீர்கள். பாணியும் குளிசையும் வழமைபோல. நாளைக்கே போத்தலையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய், எத்தனை சொட்டு, எந்த நேரம், எப்போதிருந்து என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.