வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் ஒரே கேபிள்

கேள்வி: பல்லடம் பக்கம் தோட்டத்து வீடுங்க. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், 120 அடி தள்ளித் தறிக்குடோன் அறையில் இன்னொன்று. பாவு வரவு, துணி டெலிவரிக் கணக்கைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறேன். எது புதுக் கோப்பு, எது பழசு என்றே தெரிவதில்லை. பிரிண்டரும் வீட்டில்தான். இரண்டையும் இணைக்க சர்வர் வேண்டுமா? வைஃபை போதுமா?

சர்வரெல்லாம் வேண்டாம். இன்டர்நெட்டுக்கு ஒரு ரூட்டர் வைத்திருப்பீர்கள் அல்லவா, அதன் முதுகுப்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் நான்கு லேன் போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கும். ஒன்றிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சின்னக் கேபிள், இன்னொன்றிலிருந்து குடோனுக்கு நீளக் கேபிள். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) என்பதை ரூட்டரே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் இடத்துக்கு வைஃபையை நான் சொல்ல மாட்டேன். நடுவில் சுவர், உள்ளே போனால் வரிசையாக இரும்புத் தறி. இன்றைக்குக் கிடைக்கும் சிக்னல் நாளைக்குக் கிடைக்காது. கேபிள் 100 மீட்டர், அதாவது 328 அடி வரை தாங்கும். உங்களுக்குப் பாதி தூரம்கூட இல்லை.

கேட்-6 என்ற வகை நெட்வொர்க் கேபிளைக் கேட்டு வாங்குங்கள், சுத்தச் செம்புதானா என்றும் கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு, ஆனால் வளைத்தால் ஒடியும். வெளியில் பிவிசி பைப்புக்குள் விட்டு, தறி மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். கோடை மழை இடி மின்னலோடு வரும் நாளில், மேகம் கட்டும்போதே இரண்டு முனையையும் கழற்றிவிடுவது நல்லது. கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளின் நிற வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டும் சரியாகப் பிடித்தால்தான் வேகம் 1000 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்); ஒன்று விட்டாலும் 100க்கு இறங்கிவிடலாம். ஒரு ஜிபி கோப்பு பத்து விநாடியில் போவதும் ஒன்றரை நிமிடம் இழுப்பதும் இதில்தான் இருக்கிறது.

கேபிளில் தடுமாறுகிறவர்கள் குறைவு. முக்கால்வாசிப் பேர் திணறுவது விண்டோஸில்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பப்ளிக்' என்றிருப்பதை 'பிரைவேட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றுக்கு ஒன்று கண்ணிலேயே படாது. நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். அப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்குக்கென்று தனி ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் ஷேர் செய்யுங்கள். டி டிரைவ் முழுவதையும் திறந்துவிட வேண்டாம்.

இனி பாஸ்வேர்ட். வீட்டில் எதற்கு என்று பாஸ்வேர்டே வைக்காமல் இருந்தால், குடோனிலிருந்து நுழைய விண்டோஸ் விடாது. திறக்கும்போது நான்கு இலக்கப் பின் போடுகிறீர்களா? அதுவும் இங்கே செல்லாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் நுழையும் விண்டோஸ் அக்கவுண்ட்டின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் என் தங்கை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தேன்.

பழைய வீடியோக்களில், வீட்டுக் கம்ப்யூட்டர்களை இணைக்க விண்டோஸில் இருந்த 'ஹோம்குரூப்' வசதியைப் போடச் சொல்வார்கள். விண்டோஸ் 10இல் அதை 2018லேயே எடுத்துவிட்டார்கள், தேடாதீர்கள். கோப்பு பகிரும் பழைய முறையான 'எஸ்எம்பி 1'ஐ ஆன் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள், வைரஸுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிடும்.

பிரிண்டரையும் இதேபோல ஷேர் செய்யலாம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் ஃபோல்டரும் பிரிண்டரும் சேர்ந்து காணாமல் போகும். பகலில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரில் மற்றொன்று தெரியவே இல்லை என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை. அநேகமாகக் கேபிள் முனையில்தான் கோளாறு. 192.168 என்று தொடங்கினால் கேபிள் சரி, செட்டிங்ஸை மறுபடி பாருங்கள்.

கணக்கை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் எழுதினால் ஒன்று கவனியுங்கள். சில்வர் லைசென்ஸ் ஒருவருக்குத்தான். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பதிவு போட கோல்டு வேண்டும். எக்செல் என்றால் அந்தச் செலவு இல்லை. ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றவருக்கு 'ரீட் ஒன்லி' என்று வரும், அவர் மூடும்வரை பொறுத்திருங்கள்.