கால்நடை எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தெளிவாக எழுதுவது எப்படி?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும், நாயைப் படமெடுக்க அனுப்பிய டாக்டர் முதலில் படிப்பது கடைசியில் இருக்கும் முடிவைத்தான். அது அவருடைய கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். அதனால், நாயை எதற்காக அனுப்பினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுத உட்காருவதில்லை. டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டில் எதுவும் இல்லையென்றால் போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

பத்து வயது லாப்ரடார், சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மண்ணீரலில் கட்டி, வயிற்றில் நீர்" என்று எழுதி முடித்தால் அது யாருக்கும் உதவாது. நான் இப்படி எழுதுவேன்: "மண்ணீரலின் வால் பகுதியில் 6.2 × 5.4 செ.மீ. கட்டி, உள்ளே நீர்ப்பைகள். வயிற்றில் மிதமான நீர். கல்லீரலில் கட்டி தென்படவில்லை." இதெல்லாம் கண்ணால் கண்டது. தேடிப் பார்த்து இல்லாததையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் முடிவு: "கட்டி வெடித்து ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹீமாஞ்சியோசர்கோமாவா, ஹீமட்டோமாவா என்று ஸ்கேனை வைத்துப் பிரிக்க முடியாது. இன்றே ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்க்கவும். மார்பு எக்ஸ்ரே மூன்று கோணங்களில் தேவை." நடுவில் உள்ள அந்த "பிரிக்க முடியாது" என்ற வரியை தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஹீமாஞ்சியோசர்கோமா என்பது ரத்தக்குழாய்ப் புற்றுநோய்; ஹீமட்டோமா வெறும் ரத்தக்கட்டு. புற்றுநோய் என்று கேட்டவுடன் நாயைக் கருணைக்கொலை செய்யச் சொல்லும் வீடுகள் உண்டு. வெறும் ஹீமட்டோமா என்றால் மண்ணீரலை எடுத்தாலே அந்த நாய் பல வருடம் நன்றாக இருக்கலாம்.

மூன்று கோணங்கள் ஏன் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு பக்கமாகப் படுக்கவைத்தால் கீழே இருக்கும் நுரையீரலில் காற்று குறைந்துவிடும், புற்றுநோய் அங்கு பரவி உண்டான சிறு கட்டி மறைந்துபோகும். காரணம் தெரிந்தால்தான் டாக்டர் செலவைச் சொல்லி உரிமையாளரைச் சம்மதிக்கவைக்க முடியும்.

இதயத்துக்கு "சற்றே பெரிதாக இருக்கலாம்" என்று எழுதாமல் அளந்து எண்ணைக் கொடுங்கள். இதயத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து எத்தனை முதுகெலும்புகளின் நீளத்துக்குச் சமம் என்று எண்ணுவது, 1995-ல் புக்கனன், ப்யூஷெலர் என்ற ஆய்வாளர்கள் தந்த முதுகெலும்பு அளவுமுறை. அதில் நாய்க்குப் பொதுவாக 8.5 முதல் 10.5 வரை சரி. ஆனால் பாக்ஸர், லாப்ரடார் போன்ற இனங்களில் ஆரோக்கியமான நாய்க்கே இதைத் தாண்டும். எண்ணோடு இனத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அடுத்த படம் வரும்போது ஒப்பிட அந்த எண்தான் கைகொடுக்கும்.

அவசரமென்றால் மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் வேண்டாம். வயிறு முறுக்கிக்கொண்ட நாய் என்றால், படத்தைப் பார்த்த கையோடு போன் செய்யுங்கள். என்ன சொன்னீர்கள், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைப் பிறகு ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்ளலாம்.